கியோர்க் கிளெப்ஸ்

ஈரம் படிந்த ரொட்டித் துண்டின்மேலும், நீரில் மாண்டு மிதக்கும் ஈயின்மேலும் பஞ்சு போன்ற வெண்ணிழைகள் படர்வதை யாவரும் கண்டிருப்போம். பூஞ்சணம் என்று அருவருத்து அதனை எறிந்துவிடுவது உலக வழக்கம். அங்ஙனம் எறியாது, கண்ணாடிக் கலத்திலிட்டு, அதன் ஊணையும் பசியையும் பல்லாண்டு ஆராய்ந்தவர் ஒருவர் இருந்தார். அவரே ஜெர்மானியத் தாவரநூற் பேராசிரியர் கியோர்க் கிளெப்ஸ்.

இவர் 1857-ஆம் ஆண்டு கிழக்குப் பிரஷ்யாவில் நைடன்பர்க் என்னும் ஊரிற் பிறந்தார். அவ்வூர் இப்பொழுது போலந்து நாட்டைச் சார்ந்ததாய் நிட்ஸிட்ஸா என வழங்குகின்றது. கோனிக்ஸ்பர்க் சர்வகலாசாலையிற் பயின்றபின், டி பாரி, ஸாக்ஸ், பெப்பர் என்னும் மூன்று பேரறிஞரிடத்தும் முறையே பணிபுரிந்து தேர்ச்சி பெற்றார். இவருள் டி பாரியோ பூஞ்சண ஆராய்ச்சிக்கே அடிகோலியவர் எனத்தகும் பெருமையுடையவர். 1887-இல் ஸ்விட்ஸர்லாந்திலுள்ள பாசெல் நகரிலும், 1898-இல் ஹாலே நகரிலும், 1907-இல் ஹைடல்பர்க் நகரிலும் கிளெப்ஸ் பேராசிரியப் பதவி ஏற்றார்.

தாழ்ந்த தாவரங்களும் பிறவியிலே வரையறுக்கப்பட்ட ஒழுங்கின்படியே வளர்ந்து, பருவம் வந்தவுடன் தாமாகவே இனம் பெருக்குகின்றன என்பது அக்காலத்தார் பலரின் கருத்து. கிளெப்ஸ் இதனை ஐயுற்றார். பருவம் என்பது உண்மையில் யாது? அஃது உயிரின் உள்ளே இருந்து வருவதா, சூழ்நிலையால் விளைவதா? இவ்வினாவிற்கு விடைகாண முதலில் நீர்ப்பாசிகளையும், பின்னர்ப் பூஞ்சணங்களையும் சோதித்தார். அதன் பயனாக 1896-இல் ஒரு நூலும், 1898 முதல் 1900 வரை மூன்று விரிவான கட்டுரைகளும் வெளிவந்தன.

நீரில் மாண்ட பூச்சிகளின்மேல் வளரும் ஸாப்ரோலெக்னியாவை அவர் சத்து நிறைந்த கரைசலில் வளர்த்தார். சத்துக் குறையுமுன் கரைசலை மீண்டும் மீண்டும் புதுப்பித்துவந்தார். இழைகள் செழித்து நீண்டுகொண்டே சென்றன. நெடுங்காலம் ஆகியும் இனப்பெருக்கம் நிகழவில்லை. பின்னர் அச்செழித்த இழைகளைத் தெளிந்த நீரில் இட்டார். சிறிது பொழுதிலே இழைமுனைகள் பருத்துப் பைகளாகி, நீந்தித் திரியும் நுண்வித்துக்களை வெளியிட்டன! உணவின் அளவையும் வகையையும் வேறு விதமாக மாற்றியபோது ஆண், பெண் உறுப்புக்கள் தோன்றின.

இங்கு ஒன்று ஊன்றி நோக்கத்தக்கது. பட்டினி மாத்திரம் இனப்பெருக்கத்தை உண்டாக்குவதன்று. முன்னர் நன்கு உண்டு சத்தைச் சேமித்த இழைக்கே, பசி வந்தபோது வித்தீனும் ஆற்றல் இருந்தது. வளர்ச்சிக்கு வேண்டிய நிலைமை வேறு, பெருக்கத்திற்கு வேண்டிய நிலைமை வேறு. முன்னது நீடிக்கும்வரை பின்னது தோன்றாது. எனினும் முன்னதே பின்னதற்கு ஆயத்தம். இதுவே கிளெப்ஸ் கண்ட முடிபு. உணவுக் குறைவே எங்கும் காரணம் என்றும் அவர் சாதிக்கவில்லை. காளான்களின்மேல் வளரும் ஸ்போரோடினியா என்னும் பூஞ்சணம் ஈரம் நிறைந்த காற்றிற் பாலினப் பெருக்கத்தையும், உலர்ந்த காற்றிற் பாலிலாப் பெருக்கத்தையும் மேற்கொள்வதை அவரே காட்டினார்.

பின்னர் ஆராய்ச்சி மேலும் வளர்ந்தது. ஸாப்ரோலெக்னியா உண்மைப் பூஞ்சண இனத்தைச் சார்ந்ததன்று என்பது இன்று தெளிவாகிவிட்டது. ஆயினும் அவர் காட்டிய வழி வீண்போகவில்லை. நியூரோஸ்போரா என்னும் உண்மைப் பூஞ்சணம் நைட்ரஜன் சத்துக் குறைந்த ஊட்டத்திலேதான் பாலுறுப்புக்களைத் தோற்றுவிக்கின்றது. அதற்கேற்ற ஊட்டக் கலவை 1947-இல் வகுக்கப்பெற்றது.

கிளெப்ஸ் தம் அறுபத்தோராம் ஆண்டு நிறையச் சில நாட்களே இருக்கையில், 1918 அக்டோபரில் ஹைடல்பர்க்கில் உயிர்நீத்தார். அவர் ஆராய்ந்தது நாம் எறியும் பூஞ்சணமே. எனினும் உண்ணுங் காலத்தில் வளர்ந்து, இல்லாக் காலத்தில் தன் சேமிப்பையெல்லாம் அடுத்த தலைமுறைக்கு ஈந்துவிடும் அவ்விழையின் இயல்பை அறிந்தபின், அதனை அற்பம் என்று தள்ள நம் மனம் ஒருப்படுமோ?