அக்கரைத் தமிழர் சர் பொன்னம்பலம் அருணாசலம்

நமது காலாண்டு இதழில் இதுவரை வ.உ.சி., பாரதியார், கட்டபொம்மன் என்று நம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்களைப் பற்றியே எழுதி வந்தோம். இந்த முறை கடலுக்கு அந்தப் பக்கம் போகலாம் என்று நினைக்கிறேன். 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறக்கும் வரை சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் நம் ஊருக்கு ரயிலில் வந்துதான் கப்பல் ஏறினார்கள். அந்தக் காலத்தில் தூத்துக்குடிக்காரருக்குச் சென்னையைவிடக் கொழும்புதான் பக்கம். அந்தக் கொழும்பில் ஒரு தமிழர், ஒரு நாட்டின் ஆட்சிமுறையை எழுத்தில் கொண்டுவரப் பாடுபட்டார். இந்தியாவில் அவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. இலங்கையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

பொன்னம்பலம் அருணாசலம் 1853 செப்டம்பர் 14-ல் கொழும்பில் பிறந்தார். பெரிய குடும்பம். தாய்வழித் தாத்தா குமாரசாமி முதலியார், இலங்கைச் சட்டசபையின் முதல் தமிழ் உறுப்பினர். தாய்மாமன் சர் முத்து குமாரசாமி. கலை ஆராய்ச்சியாளர் ஆனந்த குமாரசாமி அந்த மாமாவின் மகன்தான். அண்ணன் பொன்னம்பலம் இராமநாதன் இவரைவிடப் புகழ் பெற்றவர். அண்ணன் தம்பி இருவருமே பின்னாளில் சர் பட்டம் வாங்கினார்கள்.

கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு 1875-ல் இலங்கை சிவில் சர்வீஸ் தேர்வில் வென்றார். போட்டித் தேர்வு எழுதி அந்தப் பணிக்குள் நுழைந்த முதல் இலங்கையர் இவர். நீதிபதியாகப் பல ஊர்களில் இருந்தார். பிறகு, தனக்கு மூத்த வெள்ளை அதிகாரிகள் பலரைத் தாண்டி, ஆளுநர் கார்டன் இவரைப் பதிவுத்துறைத் தலைவராக நியமித்தார். வெள்ளை அதிகாரிகள் மத்தியில் பெரிய சலசலப்பு. பத்திரப்பதிவு, பிறப்பு இறப்புப் பதிவு எல்லாம் இவர் கையில். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தி, அறிக்கை எழுதியவரும் இவரே.

வங்கியில் ஆயுளைக் கழித்த எனக்கு இவரிடம் மிகவும் பிடித்த காரியம் ஒன்று உண்டு. அன்றைய இலங்கையில் சொத்து வழக்கு என்றால் தலை சுற்றும். கீழ்நாட்டுக்கு ரோமன் டச்சுச் சட்டம், கண்டிக்குக் கண்டிச் சட்டம், முஸ்லிம்களுக்கு வேறு, யாழ்ப்பாணத்துக்குத் தேசவழமை. இந்தத் தேசவழமையை 1707 வாக்கில் எழுத்தில் தொகுக்க வைத்தவர்கள் டச்சுக்காரர்கள். 1658-ல் நம் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்த அதே டச்சுக்காரர்கள்தான். இப்படிச் சிதறிக் கிடந்த சிவில் சட்டங்களைத் தொகுத்து ஒரே நூலாக்க அருணாசலம் முனைந்தார். 1910-ல் முதல் தொகுதி வெளிவந்தது. எது சட்டம் என்பது சாதாரண மனிதன் பிரித்துப் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் ஊறியிருந்தது.

1913-ல் ஓய்வு பெற்றார். நம்மில் பலர் ஓய்வு பெற்றதும் மாலை நடையும் பேரப்பிள்ளைகளுமாக இருந்துவிடுகிறோம், தப்பில்லை. அவர் 60 வயதுக்கு மேல்தான் அரசியலுக்கே வந்தார்.

அன்றைய சட்டசபை எப்படி இருந்தது? 21 பேர். அதில் 11 பேர் அரசு அதிகாரிகள். மீதி 10 பேரில் ஆறு பேரை ஆளுநர் நியமிப்பார். தேர்தலில் வருவது நாலே பேர். அந்த நாலில் இரண்டு இடம் ஐரோப்பியருக்கு, ஒன்று பறங்கியருக்கு. மீதி ஒரே ஒரு இடம்தான் படித்த இலங்கையருக்கு. எல்லாரும் ஒரே பக்கம் கை தூக்கினாலும் அதிகாரிகளை மீற முடியாது. இந்த விதியும் லண்டனிலிருந்து மன்னரின் ஆணையாக வருவது. தனக்கென்று ஒரே நூலாக எழுதிய அரசியலமைப்பு வைத்துக்கொள்ளாத இங்கிலாந்து, தன் ஆட்சியில் இருந்த நாடுகளுக்கு மட்டும் எழுதி எழுதி அனுப்பியது.

1917-ல் அருணாசலம் இலங்கையின் அரசியல் தேவைகளைப் பற்றி நீண்ட சொற்பொழிவு ஆற்றினார். அதே ஆண்டில் இலங்கைச் சீர்திருத்தச் சங்கத்தை ஆரம்பித்தார். எல்லா அமைப்புகளையும் ஒன்றாக்கி 1919 டிசம்பரில் இலங்கை தேசிய காங்கிரஸ் பிறந்தது. சிங்களவர் பெரும்பான்மையாக இருந்த அந்தக் காங்கிரசின் முதல் தலைவராக ஒரு தமிழரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால் அவருக்கு இருந்த மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் நம் ஊருக்குச் சம்பந்தப்பட்ட ஒரு வேலையும் செய்தார். தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் எடுத்த காலத்தில், தட்டப்பாறை முகாமில் தங்கவைத்துத் தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்குக் கப்பலேற்றிய தொழிலாளர்கள் ஏராளம். 1865-ம் ஆண்டுச் சட்டப்படி, தோட்டத்தை விட்டு ஓடினால் அந்தக் கூலித்தொழிலாளிக்குச் சிறை. ஒப்பந்தத்தை மீறினால் நம்மைப் போன்றவர்களுக்கு சிவில் வழக்கு, ஏழைக்கு மட்டும் ஜெயில். அருணாசலம் சமூக சேவைச் சங்கமும், தொழிலாளர் நலச் சங்கமும் அமைத்து இதை எதிர்த்துப் போராடினார். 1921-ல் அந்தத் தண்டனைப் பிரிவுகள் ஒழிந்தன. அவர் வாழ்க்கையில் முழு வெற்றி என்று நான் சொல்வது இதைத்தான்.

அரசியல் சீர்திருத்தத்தில் கிடைத்தது அப்படிப்பட்ட வெற்றி இல்லை. யாழ்ப்பாணத்துத் தமிழர்கள், பிரதேச வாரியாகத் தேர்தல் வைத்தால் எண்ணிக்கையில் குறைந்த நாங்கள் என்ன ஆவோம் என்று தயங்கினார்கள். அவர்களை அருணாசலம்தான் சம்மதிக்க வைத்தார். 1918 டிசம்பரில் ஜேம்ஸ் பீரிஸ், சமரவிக்ரம என்ற இரண்டு சிங்களத் தலைவர்கள், மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் இடம் ஒதுக்க ஆதரவு தருவதாகக் கடிதம் கொடுத்தார்கள். பீரிசும் கேம்பிரிட்ஜில் படித்தவர், நண்பர். அதை நம்பி யாழ்ப்பாணம் காங்கிரசுக்குள் வந்தது.

1920-ல் வந்த புதிய அரசியலமைப்பில் அந்த ஒதுக்கீடு இல்லை. 1921 தேர்தலில் கொழும்பு நகரத் தொகுதிக்கு அருணாசலம் நிற்பார் என்று பலர் எதிர்பார்த்தார்கள். பீரிஸ்தான் நின்றார். அருணாசலம் தான் உருவாக்கிய காங்கிரசை விட்டே வெளியேறினார்.

கடன் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். கியாரண்டி வேறு, ஆறுதல் கடிதம் வேறு. ஆறுதல் கடிதத்தில் பெரிய மனிதர் கையெழுத்து இருக்கும், நல்ல தமிழில் நல்ல வார்த்தைகள் இருக்கும், கோர்ட்டில் நிற்காது. கடிதம் எழுதிய இருவரும் வேறு இரண்டு சங்கங்களின் தலைவர்களாக எழுதினார்கள். காங்கிரஸ் பிறந்தது அதற்கு ஒரு வருடம் கழித்து. புதிய கம்பெனி பழைய கம்பெனியின் கடனுக்குப் பொறுப்பா என்று கேட்டால் பதில் நமக்குத் தெரியும். பதிவுத்துறைத் தலைவராக எத்தனையோ பத்திரங்களைப் பார்த்தவர், பதிவு செய்யாத ஒரு காகிதத்தின் மேல் தன் மக்களின் நம்பிக்கையை வைத்தார். நண்பர்களை நம்பினார் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

அரசியலமைப்பை எழுதித்தான் வைக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. இங்கிலாந்தும் நியூசிலாந்தும் ஒரே நூலாக எழுதாமலே நடத்துகின்றன. வழக்கமும் மரியாதையும் போதும், எழுதினால் காலத்துக்கு ஏற்ப மாற்றுவது கஷ்டம் என்பது அவர்கள் கட்சி. நம் குடியிருப்பில் வாகனம் நிறுத்தும் விதியை எழுத வேண்டுமா என்று பொதுக்குழுவில் நடந்த பேச்சும் கிட்டத்தட்ட இதேதான்! எண்ணிக்கையில் சமமானவர்களுக்கு வாய்வார்த்தை போதும். குறைந்தவர்களுக்கு எழுத்து வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் சொல்ல முடியவில்லை. சோல்பரி அரசியலமைப்பின் 29-வது பிரிவு, எந்த ஒரு சமூகத்துக்கும் தனியாகப் பாதகம் செய்யும் சட்டம் கூடாது என்று எழுத்திலேயே சொன்னது. அது இருக்கும்போதே 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயும் பயனில்லை. நம் துறைமுகம் வழியாகப் போனவர்களின் பிள்ளைகளும் அதில் உண்டு. 1972-ல் புதிய அரசியலமைப்பு வந்தபோது 29-வது பிரிவும் போய்விட்டது. நம் நாட்டில் 395 பிரிவுகளோடு 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பைக்கூட, அதன் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்று 1973-ல் உச்ச நீதிமன்றம்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வரி நூலில் எங்கும் இல்லை.

காங்கிரசை விட்ட அருணாசலம் 1923-ல் இலங்கைத் தமிழர் லீக்கை ஆரம்பித்தார். சைவப் பற்று மிகுந்தவர், திருவாசகப் பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். தமிழ்நாட்டுக் கோயில்களைத் தரிசிக்க வந்த இடத்தில், 1924 ஜனவரி 9-ல் மதுரையில் காலமானார். நமக்கு மூன்று மணி நேர தூரம்.

அதே 1924-ல் அடுத்த அரசியலமைப்பின்படி தேர்தல் நடந்தது. அதில் மேல் மாகாணத் தமிழருக்கு ஓர் இடம் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அந்த இடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவருடைய மகன் மகாதேவா. 1931-ல் டொனமூர் அரசியலமைப்பு வந்து இனவாரி இடங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டது.

கொழும்பு போகிற நம் குடியிருப்பாளர்கள் காலிமுகத்திடல் அருகே பழைய நாடாளுமன்ற வளாகத்தில் அவர் சிலையைப் பார்க்கலாம். கொச்சிக்கடையில் அவர் தந்தை கட்டி, அண்ணன் இராமநாதன் கருங்கல்லில் புதுப்பித்த பொன்னம்பலவாணேசர் கோயிலும் இருக்கிறது. 2011-ல் சில மாதங்கள் ஓடி நின்றுபோன தூத்துக்குடி – கொழும்பு பயணிகள் கப்பல் இருந்திருந்தால் போவது இன்னும் சுலபம்.