படியேறிச் சென்ற பேராசிரியர்

நம் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபையினரை அறியாதவர் இல்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் உண்டியலுடன் நிற்பவர்களும், மழைக்காலத்தில் அரிசிப் பையுடன் சந்துகளுக்குள் நுழைபவர்களும் அவர்களே. ஆனால் சபையை நிறுவியவர் யார் என்று கேட்டால், புனித வின்சென்ட் என்றே பலரும் கூறுகின்றனர். அப்புனிதர் 1660-ல் இறந்தவர். சபை பிறந்ததோ 1833-ல். அதற்கு வித்திட்டவர் குருவுமல்லர், துறவியுமல்லர். இருபது வயதுச் சட்டக் கல்லூரி மாணவர். இம்மலரில் அந்த பிரடெரிக் ஓசானாமைப் பற்றிச் சிறிது எழுத விரும்புகிறோம்.

1813 ஏப்ரல் 23-ல் மிலான் நகரில் பிறந்து, பிரான்சு நாட்டு லியோன் நகரில் வளர்ந்தார். தந்தை மருத்துவர். 1831-ல் படிப்புக்காகப் பாரிஸ் வந்தார். விசுவாசத்தை ஏளனம் செய்வதே அறிவு என்று மாணவர் பலர் எண்ணிய காலம் அது. விவாத மன்றம் ஒன்றில் ஓசானாமும் தோழர்களும் திருச்சபை உலகுக்குச் செய்த நன்மைகளை எடுத்துரைத்தபோது, அதெல்லாம் பழங்கதை என்றும், இன்று கத்தோலிக்கர் என்ன செய்து காட்டுகின்றனர் என்றும் எதிரணியினர் மடக்கினர். விடை இல்லை. வாதத்தில் திணறிய ஓசானாம் மேலும் புத்தகங்களைத் தேடிப் போகவில்லை என்பதே நமக்கு வியப்பு. அறையில் எஞ்சியிருந்த விறகை ஒரு தோழருடன் சுமந்து, ஓர் ஏழைக் குடும்பத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

1833-ல், தம் பிறந்த நாளன்றே, பத்திரிகை நடத்தி வந்த எம்மானுவேல் பாயியின் தலைமையில் மாணவர் அறுவர் கூடினர். நல்ல மனம் இருந்தது, வழி தெரியவில்லை. மூஃப்தார் தெருப் பகுதியின் ஏழைகளிடையே உழைத்து வந்த பிறரன்புக் கன்னியர் சபைச் சகோதரி ரோசலியிடம் சென்றனர். அவர் வீடுகளைக் காட்டினார், ரொட்டிச் சீட்டுகளைத் தந்தார், ஏழையிடம் பேசும் முறையையும் கற்பித்தார். சீட்டை நீட்டிவிட்டுத் திரும்புவது சந்திப்பு ஆகாது. உட்கார்ந்து கேட்க வேண்டும். எண்ணிக்கை நூறைத் தாண்டியபோது, பங்கு வாரியாகப் பிரியலாம் என்றார் ஓசானாம். பிரிய மனமின்றிச் சிலர் கண்ணீர் விட்டனராம். 1835-ல் பிரிந்தனர். அப்படிப் பிரிந்ததால்தான் சபை ஊர் ஊராகப் பரவியது.

ஓசானாம் 1841-ல் அமேலியை மணந்தார். 1845-ல் மகள் மரி பிறந்தாள். சொர்போனில் பேராசிரியராக உயர்ந்த பின்னரும் ஏழைகளின் மாடிப்படிகளை ஏறுவதை அவர் விடவில்லை. ஒரு புத்தாண்டு நாளில், வறுமையுற்ற ஒரு குடும்பம் தன் நல்ல காலத்தின் கடைசி நினைவான இழுப்பறைப் பெட்டியை அடகு வைத்திருப்பதாக மனைவியிடம் கூறினார். அதை மீட்டுக் கொடுக்க நினைத்தார், மனைவி தடுத்தார். மாலையில் மகளைச் சுற்றிப் பரிசுகளும் தின்பண்டங்களும் குவிந்திருந்தன. அவர் எதையும் தொடவில்லை. காரணம் கேட்ட அமேலி உடனே போகச் சொன்னார். பெட்டியை மீட்டுக் கொடுத்துவிட்டு மகிழ்ச்சியோடு வீடு திரும்பினார். அரிசி கொடுத்தால் போதாதா, பெட்டி எதற்கு என்று நம்மில் பலர் கேட்டிருப்போம். ஓசானாம் கேட்கவில்லை.

1848 ஜூனில் பாரிஸ் தொழிலாளர் கிளர்ச்சியில் தெருக்களில் இரத்தம் ஓடியது. பேராயர் அஃப்ர் சமாதானத் தூதராகச் செல்லலாம் என்று ஓசானாமும் நண்பர்களும் அவரிடம் வேண்டினர். பேராயர் இசைந்தார், அவர்களை உடன் வர விடவில்லை. தடுப்பரண் அருகே குண்டு பாய்ந்து, ஜூன் 27-ல் உயிர் நீத்தார். யோசனை சொன்னவர் பிழைத்திருக்க, ஏற்றுச் சென்றவர் மாண்டார். அந்தச் சுமையோடும் ஓசானாம் ஒதுங்கிவிடவில்லை. கிளர்ச்சி அடங்கினாலும் வறுமை அடங்கவில்லை என்று பத்திரிகையில் எழுதினார். அதனால் வசதி படைத்த கத்தோலிக்கர் சிலரின் கோபத்துக்கும் ஆளானார்.

உடல் நலிந்து இத்தாலி சென்ற போதும், அங்கே சபையின் கிளைகளுக்காக உழைத்தார். சபையின் தலைமைப் பதவியில் அவர் ஒருபோதும் அமர்ந்ததில்லை என்பதைப் பலர் அறியார். 1853 செப்டம்பர் 8-ல், மாதாவின் பிறந்த நாளன்று, மார்செய் நகரில் நாற்பது வயதில் இறந்தார். 1997 ஆகஸ்டு 22-ல், பாரிஸ் நோத்ர் தாம் பேராலயத்தில், திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரை அருளாளராக உயர்த்தினார்.