பாராலிம்பிக்கின் தந்தை லுட்விக் குட்மன்

பூச்சோங்கிற்கு அருகிலுள்ள புக்கிட் ஜாலில் தேசிய விளையாட்டரங்கில் 2017ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஆசியான் பாரா விளையாட்டுப் போட்டியின் தொடக்க விழா நடைபெற்றது. தென்கிழக்காசிய நாடுகளின் மாற்றுத்திறனாளி விளையாட்டாளர்கள் தத்தம் நாட்டுக் கொடியின் பின்னே அணிவகுத்து வந்தனர். இத்தகைய போட்டிகள் இன்று நமக்குப் பழகிப்போனவை. ஆனால், ஒரு நூற்றாண்டுக்கு முன்பு முதுகுத்தண்டு முறிந்த ஒருவர் உயிர் பிழைப்பார் என்றுகூட மருத்துவர்கள் நம்பவில்லை. அந்த எண்ணத்தை மாற்றியவர் மருத்துவர் லுட்விக் குட்மன்.

குட்மன் 1899ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள், அப்போது ஜெர்மனியின் பகுதியாக இருந்த டோஸ்ட் என்னும் சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. 1917ஆம் ஆண்டு அவர் ஒரு மருத்துவமனையில் தொண்டூழியராகப் பணியாற்றினார். அங்கே, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவர் முதுகுத்தண்டு முறிந்த நிலையில் கொண்டுவரப்பட்டார். நல்ல உடற்கட்டுடைய இளைஞர் அவர். குட்மன் அவரைப் பற்றிய குறிப்புகளை எழுத முற்பட்டபோது, சில வாரங்களில் இறந்துவிடப் போகிறவருக்குக் குறிப்பு எதற்கு என்று மருத்துவர் தடுத்துவிட்டார். அவ்வாறே ஐந்து வாரங்களில் நோய்த்தொற்று முற்றி அந்த இளைஞர் இறந்தார். அந்தக் காட்சி குட்மனின் மனத்தை விட்டு நீங்கவே இல்லை.

பின்னர் மருத்துவம் பயின்ற குட்மன், பிரெஸ்லாவ் நகரில் நரம்பியல் துறையில் புகழ்பெற்றார். 1933ஆம் ஆண்டு நாஜிகள் ஆட்சிக்கு வந்தபோது, யூதர் என்பதால் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். அதன்பின் அந்நகரின் யூத மருத்துவமனையில் பணியாற்றி, அதன் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். 1938ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் இரவு, நாடெங்கும் யூதர்கள் தாக்கப்பட்டனர். அடைக்கலம் தேடி வந்தவர் எவரையும் திருப்பி அனுப்பாமல் நோயாளியாகச் சேர்த்துக்கொள்ளும்படி குட்மன் ஆணையிட்டார். மறுநாள் காவற்படையினர் சோதனையிட வந்தனர். குட்மன் ஒவ்வொருவருக்கும் ஒரு நோயைக் காரணம் காட்டி வாதாடினார். அங்கிருந்த 64 பேரில் 60 பேர் கைதாகாமல் தப்பினர். 1939ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவர் மனைவியுடனும் இரு பிள்ளைகளுடனும் இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தார்.

இரண்டாம் உலகப் போரில் முதுகுத்தண்டில் காயமுற்ற வீரர்கள் பெருகினர். அவர்களுக்காக 1944ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் ஒரு தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. அதற்கு குட்மன் தலைவரானார். அக்காலத்தில் இத்தகைய நோயாளிகளைக் கொன்றது முறிந்த எலும்பன்று. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே ஆகும். நோயாளிகளை இரவும் பகலும் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று குட்மன் விதித்தார். பணி முறையாக நடைபெறுகிறதா என்று நள்ளிரவிலும் வந்து பார்த்தார். மருந்தைவிட இந்த விடாமுயற்சியே பல உயிர்களைக் காத்தது.

எனினும், உயிர் பிழைத்தால் மட்டும் போதாது என்று அவர் கருதினார். படுத்த படுக்கையாகக் கிடப்பவர் மனமும் முடங்கிப்போவதைக் கண்டார். ஆகவே, நோயாளிகளுக்குக் கைத்தொழில் கற்பித்தார், விளையாட்டையும் சிகிச்சையாக்கினார். முதலில், சக்கர நாற்காலியில் அமர்ந்து கைத்தடியால் வட்டை அடித்து ஆடும் போலோ ஆட்டம் இடம்பெற்றது. அது முரட்டு ஆட்டமாக மாறியதால் வலைப்பந்து அதன் இடத்தைப் பிடித்தது. அம்பெய்தலும் சேர்க்கப்பட்டது. வில்லை இழுப்பதால் தோளும் கையும் வலுப்பெற்றன. மேலும், நடக்க இயன்றவரோடு சமமாக நின்று போட்டியிடக்கூடிய விளையாட்டு அது. கண்டிப்பு மிக்கவராயினும், நோயாளிகள் அவரைத் தந்தை என்று பொருள்படும் செல்லப் பெயரால் அழைத்தனர்.

1948ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் லண்டனில் ஒலிம்பிக் போட்டி தொடங்கியது. அதே நாளில், மருத்துவமனையின் புல்வெளியில் குட்மன் ஓர் அம்பெய்தல் போட்டியை நடத்தினார். போட்டியிட்டோர் 16 பேர் மட்டுமே. அவர்களுள் இருவர் பெண்கள். ஆண்டுதோறும் தொடர்ந்த இப்போட்டியில் 1952ஆம் ஆண்டு நெதர்லாந்து அணியும் பங்கேற்றது. அதனால் அது அனைத்துலகப் போட்டியானது. 1960ஆம் ஆண்டு ஒலிம்பிக் நடைபெற்ற ரோம் நகரிலேயே, ஏறத்தாழ 400 விளையாட்டாளர்கள் கூடினர். இதுவே முதல் பாராலிம்பிக் போட்டியாகக் கருதப்படுகிறது. தொடக்கத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டோருக்கு மட்டுமே இடமிருந்தது. 1976ஆம் ஆண்டு முதல் கை கால் இழந்தோரும் பார்வைக் குறையுடையோரும் பங்கேற்கத் தொடங்கினர்.

குட்மனுக்கு 1966ஆம் ஆண்டு இங்கிலாந்து அரசு 'சர்' பட்டம் வழங்கியது. 1980ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள், தம் 80ஆம் வயதில் அவர் காலமானார்.

அவர் நட்ட விதை நம் நாட்டிலும் வளர்ந்துள்ளது. மலேசியா 1972ஆம் ஆண்டு முதன்முறையாகப் பாராலிம்பிக்கில் கலந்துகொண்டது. 2016ஆம் ஆண்டு ரியோவில் முகமட் ரிட்சுவான் புசி 100 மீட்டர் ஓட்டத்தில் நாட்டின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை வென்றார். குண்டெறிதலில் ஸியாட் ஸோல்கிப்ளியும் நீளம் தாண்டுதலில் அப்துல் லத்திப் ரொம்லியும் மேலும் இரு தங்கங்களைப் பெற்றனர். அதே போட்டியில், தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் இந்தியாவுக்குத் தங்கம் வென்று தந்தார்.

1917ஆம் ஆண்டில் அந்தச் சுரங்கத் தொழிலாளியைப் பற்றி ஒரு குறிப்புகூட எழுத வேண்டாம் என்றனர். இன்றோ, ஒரு காலத்தில் கைவிடப்பட்டோரின் சாதனைகளை உலகமே குறித்து வைக்கிறது. ஒருவரால் இயலாது என்று முடிவுகட்டும் முன், அவருக்கு வாய்ப்பளித்தோமா என்று எண்ணிப் பார்ப்பதே குட்மனின் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.