பாம்பின் இதயத்திடம் பாடம் கேட்ட மருத்துவர்

மாணவர்களே, ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பாம்பு புதிதல்ல. செம்பனை மட்டைக் குவியலுக்கு அடியில் எலி தேடி வரும் நாகம், கோழிக் கூண்டுக்குள் புகுந்து வயிறு புடைத்து வெளியேற முடியாமல் கிடக்கும் மலைப்பாம்பு என்று ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். தோட்டத்தை விட்டுப் பாச்சாங் பக்கம் குடியேறிப் பல ஆண்டுகள் ஆன தாத்தாக்கள்கூட அந்தக் கதைகளை இன்னும் விடவில்லை. ஆனால், இந்தப் பாம்பின் இதயத்திற்கு இரத்தம் எப்படிப் போய்ச் சேருகிறது என்று யோசித்தவர் அவர்களில் யாரும் இருந்திருக்க மாட்டார். அப்படி யோசித்த ஒருவர் பம்பாயில் இருந்தார். அவர்தான் டாக்டர் பிரபுல்ல குமார் சென்.

இந்தியாவில் முதன்முதலாக மனித இதயத்தை மாற்றிப் பொருத்தியவர் அவர். உலக அளவில் அந்த அறுவைச் சிகிச்சையில் இறங்கிய நான்காவது மருத்துவர். அப்படியிருந்தும் இன்று மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகள் பலருக்குக் கிறிஸ்டியான் பர்னார்டின் பெயர் தெரிந்த அளவுக்குச் சென்னின் பெயர் தெரியாது.

சென் 1915 டிசம்பர் 7-ஆம் நாள் கல்கத்தாவில் ஒரு வங்காளக் குடும்பத்தில் பிறந்தார். மருத்துவம் பயின்றது பம்பாயில், சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில். அந்தக் கல்லூரியும் அதனுடன் இணைந்த கே.இ.எம். மருத்துவமனையும் 1926-இல் தொடங்கப்பட்டவை. கல்லூரிக்குப் பணம் கொடுத்தவர்கள் ஒரு நிபந்தனை விதித்தார்கள்: அங்கே இந்திய மருத்துவர்களே பணியாற்ற வேண்டும். பெரிய பதவிகளெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கே என்றிருந்த காலத்தில் இது துணிச்சலான நிபந்தனை. தங்களாலும் முடியும் என்று காட்டும் வேகம் அந்தக் கட்டடத்தின் அஸ்திவாரத்திலேயே இருந்தது. சென்னின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

அறுவைச் சிகிச்சை நிபுணரான பின் ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியுடன் அமெரிக்கா சென்று அங்கு வளர்ந்து வந்த இதய அறுவை முறைகளை நேரில் பார்த்தார். பின்னாளில் சோவியத் நாட்டு மருத்துவர்களுடனும் தொடர்பு வைத்துக்கொண்டார். அமெரிக்காவும் ரஷ்யாவும் முகம் பார்க்காமல் இருந்த காலம் அது. சென் இரண்டு பக்கமும் போய்க் கற்றுக்கொண்டார்.

1950-களின் தொடக்கத்தில் பம்பாயில் அவரது குழு செய்த இதய அறுவை இன்று நமக்கு வியப்பாக இருக்கும். ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கி மூச்சு வாங்கும் நோயாளிகள், அதிலும் ஏழை வீட்டு இளைஞர்கள், வரிசையாக வந்தார்கள். இதயத்தை நிறுத்தாமல், அது துடித்துக்கொண்டிருக்கும்போதே சிறு துளையிட்டு, விரலை உள்ளே நுழைத்து, ஒட்டிப்போன வால்வைத் தடவிப் பார்த்துப் பிரித்துவிட வேண்டும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. விரல் நுனிதான் கண். இதயத்தைத் திறந்து உள்ளே பார்த்து வேலை செய்ய வேண்டுமானால் அந்த நேரத்தில் இரத்தத்தைச் சுற்றவிடும் இதய-நுரையீரல் இயந்திரம் தேவை. அமெரிக்காவில் 1953-இல் ஜான் கிப்பன் அதை வெற்றிகரமாகப் பயன்படுத்தினார். அன்னியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு நிலவிய இந்தியாவில் அத்தகைய ஓர் இயந்திரத்தைக் கடைக்குப் போய் வாங்குவதுபோல் வாங்கிவிட முடியாது. வந்தாலும் ஓர் உதிரிப் பாகம் கெட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எனவே பம்பாய் மருத்துவர்கள் கிடைத்ததைக் கொண்டு பழுது பார்த்து, சிலவற்றைத் தாங்களே உருவாக்கி, முதலில் நாய்களிடம் சோதித்து, பிறகே மனிதரிடம் வந்தார்கள்.

இப்போது பாம்புக்கு வருவோம்.

உயிரியல் படிப்பவர்களுக்குத் தெரிந்த கணக்குத்தான். நம் இதயம் ஓய்வில் இருக்கும்போது நிமிடத்திற்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. ஆனால், தனக்குள்ளே நிறைந்து ஓடும் அந்த இரத்தத்திலிருந்து அது நேராக உணவு எடுத்துக்கொள்வதில்லை. உள்பக்கத்து மிக மெல்லிய அடுக்கு மட்டுமே அப்படிப் பெறுகிறது. மற்ற தசை முழுவதும் வெளிப்புறமாகச் சுற்றி வரும் கொரோனரி தமனிகளை நம்பியே இருக்கிறது. 5 லிட்டரில் கால் லிட்டர் அளவே அந்த வழியாக இதயத் தசைக்குத் திரும்புகிறது. அந்த மெல்லிய குழாய்களில் கொழுப்புப் படிந்து அடைத்துக்கொண்டால் மாரடைப்பு. அணைக்கட்டுக்குப் பக்கத்திலேயே வயல் காய்ந்து கிடப்பதுபோல, இரத்தம் நிறைந்த அறையின் சுவரே இரத்தமின்றிச் சாகிறது. யோசித்துப் பார்த்தால் கொடுமையான அமைப்பு.

பாம்பின் இதயம் அப்படியில்லை. அதன் கீழறைச் சுவர் கடற்பஞ்சுபோல் துளைகள் நிறைந்தது. அறைக்குள் வரும் இரத்தம் அந்தத் துளைகளின் வழியே நேராகத் தசைக்குள் ஊறிவிடுகிறது. சென் இதைக் கவனித்தார். அடைத்துப்போன குழாயைச் சரிசெய்ய வழியில்லையென்றால், மனித இதயச் சுவரிலும் நுண்ணிய துளைகளை உண்டாக்கி உள்ளிருக்கும் இரத்தத்தைத் தசைக்குள் விட்டால் என்ன என்று கேட்டார். ஊசியால் இதயத் தசையைப் பல இடங்களில் குத்தி வழி உண்டாக்கும் அந்த முறையை அவரும் டி.இ. உத்வாடியா, எஸ்.ஜி. கினாரே, ஜி.பி. பாருல்கர் ஆகியோரும் ஆய்வு செய்து 1965-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள்.

அந்த ஆண்டைக் கவனியுங்கள். காலிலிருந்து நரம்பு எடுத்து இதயத்தில் தைப்பதாக நம் வீடுகளில் சொல்வோமே, அந்த பைபாஸ் முறையை ரெனே பவலோரோ கிளீவ்லாந்தில் தொடங்கியது 1967-இல்தான். பலூன் வைத்து அடைப்பை விரிக்கும் சிகிச்சை 1977-இல் வந்தது. ஆக, கொரோனரி நோயாளிக்கு மாத்திரையும் ஓய்வும் தவிரப் பெரிதாக எதுவும் கொடுக்க முடியாத காலத்தில் சென் இந்தக் கேள்வியைக் கேட்டார்.

அந்தத் துளைகள் நிலைத்தனவா? இல்லை. மனித உடல் காயத்தை மூடுவதில் கெட்டிக்காரத்தனம் உடையது. குத்திய வழிகள் அடைந்துவிட்டன. பின்னாளில் அமெரிக்காவில் மஹ்மூத் மிர்ஹோசைனி என்ற மருத்துவர் ஊசிக்குப் பதிலாக லேசர் ஒளியால் துளையிட்டார். 1990-களில் அந்த லேசர் சிகிச்சைக்கு அங்கு அரசாங்க அனுமதியும் கிடைத்தது. பலருக்கு நெஞ்சுவலி குறைந்தது. அது ஏன் என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. புதிய நுண்குழாய்கள் முளைப்பதாலா, வலி நரம்புகள் கருகிவிடுவதாலா, சிகிச்சை பெற்றோம் என்ற நம்பிக்கையாலா என்று விவாதம் நீள்கிறது. பாம்பைப் பார்த்துத் தோன்றிய எண்ணம் சரியாக வேலை செய்யவில்லை; ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருத்துவர்களைத் தூங்கவிடவில்லை.

இதற்கிடையில் சென் இன்னொரு பெரிய காரியத்திற்குத் தயாராகி வந்தார். அமெரிக்காவில் நார்மன் ஷம்வேயும் ரிச்சர்ட் லோவரும் நாய்களில் இதயம் மாற்றும் முறையை 1960-இலேயே செம்மைப்படுத்தியிருந்தார்கள். பழைய இதயத்தின் மேலறைகளின் பின்சுவரை அப்படியே விட்டுவிட்டு, புதிய இதயத்தை அதனுடன் சேர்த்துத் தைப்பது அவர்களின் உத்தி. பல சிறு குழாய்களைத் தனித்தனியாகத் தைக்கும் வேலை அதனால் குறைகிறது. பம்பாயில் சென்னின் குழுவும் நாய்களில் பயிற்சி எடுத்தது. 1967 டிசம்பர் 3-ஆம் நாள் கேப்டவுனில் பர்னார்டு உலகின் முதல் மனித இதய மாற்றுச் சிகிச்சையைச் செய்தார். நோயாளி 18 நாள் வாழ்ந்தார். மூன்றே நாளில் நியூயார்க்கில் கான்ட்ரோவிட்ஸ், ஜனவரியில் ஷம்வே. அடுத்தது பம்பாய்.

1968 பிப்ரவரி 17. இதயம் முற்றிலும் பழுதான 27 வயது விவசாயி ஒருவருக்கு, விபத்தில் தலையில் படுகாயமடைந்த இளம்பெண் ஒருவரின் இதயம் பொருத்தப்பட்டது. புதிய இதயம் துடித்தது. மூன்று மணி நேரத்தில் நோயாளி இறந்துபோனார். அதே ஆண்டில் மீண்டும் ஒரு முறை முயன்றார்கள். அந்த நோயாளியும் ஒரு நாளைக் கடக்கவில்லை.

நீண்ட நாளாக இதயம் பலவீனமாக இருப்பவர்களுக்கு நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறிவிடும். சாதாரண அழுத்தத்திற்குப் பழகிய புதிய இதயத்தின் வலப்பக்கம் அதை எதிர்த்துத் தள்ள முடியாமல் துவண்டுவிடலாம். இன்று அறுவைக்கு முன்பே அந்த அழுத்தத்தை அளந்து, அதிகமாக இருந்தால் இதயம் மாற்றத் தயங்குகிறார்கள். 1968-இல் இத்தகைய பாடங்களெல்லாம் ஒவ்வோர் உயிராகக் கற்கப்பட்டவை. அந்த ஓராண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ நூறு இதயங்கள் மாற்றப்பட்டன. பெரும்பாலோர் சில வாரங்களில் இறக்கவே, ஒன்றிரண்டு ஆண்டுகளில் அநேக மருத்துவமனைகள் கைவிட்டன.

சென்னுக்கு உலகப் பாராட்டு வந்தது. 1969-இல் பத்ம பூஷண் விருதும் கிடைத்தது. கேள்விகளும் எழுந்தன, அவற்றை ஒதுக்கிவிட முடியாது. கே.இ.எம். ஒரு நகராட்சி மருத்துவமனை. ஏழைகளுக்கான சாதாரண சிகிச்சைக்கே திணறும் இடத்தில் இத்தனை செலவுள்ள சிகிச்சை எதற்கு? இன்னொரு கேள்வி அதைவிடக் கடினமானது. மூளைச்சாவு என்பதற்கு ஹார்வர்டு குழு விளக்கம் தந்ததே 1968 ஆகஸ்டில்தான். இந்தியச் சட்டத்தில் அது நுழைந்தது 1994-இல். அப்படியானால் அந்த இளம்பெண் எந்தக் கணத்தில் இறந்தவராகக் கருதப்பட்டார்? அன்று பர்னார்டு உட்பட எல்லாருக்கும் இந்தக் கேள்வி இருந்தது.

என்னைக் கேட்டால், செலவு பற்றிய குற்றச்சாட்டில் பாதி நியாயம் உண்டு. ஆனால் அந்த ஓர் இரவுக்காகச் சென் சேர்த்த ஆட்கள், கற்பித்த மயக்க மருந்து முறைகள், இரத்தச் சுற்று இயந்திரத்தை இயக்கத் தெரிந்த கைகள் எல்லாம் மறுநாள் சாதாரண வால்வு நோயாளிக்கும் பயன்பட்டன. பாம்பு ஆய்வில் உடனிருந்த உத்வாடியா 1990-இல் இந்தியாவில் லேப்பராஸ்கோப் வழியாகப் பித்தப்பை அகற்றும் முறையைத் தொடங்கிவைத்தார். இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

சென் 1982 ஜூலை 22-ஆம் நாள் தமிழ்நாட்டின் வேலூரில் காலமானார். அடுத்த ஆண்டு, நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து எடுத்த சைக்ளோஸ்போரின் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மாற்று உறுப்பை உடல் நிராகரிப்பதை அது கட்டுப்படுத்தியது. கைவிடப்பட்ட இதய மாற்றுச் சிகிச்சைக்கு மீண்டும் உயிர் வந்தது. 1994 ஆகஸ்டு 3-ஆம் நாள் புதுடில்லியில் டாக்டர் வேணுகோபால் செய்த சிகிச்சையில் நோயாளி பிழைத்து வீடு திரும்பினார். நம் நாட்டில் தேசிய இருதயக் கழகமான ஐ.ஜே.என். முதல் இதய மாற்றுச் சிகிச்சையை 1997-இல் செய்தது. மாற்று இதயம் பெற்றவர்கள் நிராகரிப்பைத் தடுக்கும் மாத்திரையை ஆயுள் முழுவதும் நேரம் தவறாமல் விழுங்க வேண்டும். 1968-இல் பம்பாயில் சைக்ளோஸ்போரின் இல்லை.