எடிசனின் தாயும் என் தாயும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

மின்விளக்கு என்றதும் தாமஸ் ஆல்வா எடிசன் என்று தொடக்கப்பள்ளிச் சிறுவனும் சொல்லிவிடுவான். அந்த எடிசனுக்குக் கல்வி புகட்டியவர் யார் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். இயற்பியல் மாணவனாகிய நானும் இவ்வாண்டுதான் அதைத் தேடிப் படித்தேன். தேட வைத்தவன் என் தம்பி.

அவனுக்கு வயது பத்து. கேட்ட கதையை ஒரு நிகழ்ச்சி விடாமல் திருப்பிச் சொல்வான். கழன்ற சைக்கிள் செயினை நொடியில் மாட்டுவான். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் அவனுக்கு ஒன்றாகிவிடும். முதல் வரியில் படித்த சொல்லே மூன்றாம் வரியில் புதிய சொல்லாகிவிடும். சோம்பேறி என்று அப்பா அடித்தார். வீட்டில் படித்தவன் என்ற செருக்கில் நானும் தலையில் குட்டியிருக்கிறேன். நம் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, இது சோம்பலன்று, டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம் என்றார். பிறகு மருத்துவமனையில் பரிசோதித்தபோது அவர் சொன்னதே உறுதியாயிற்று. அந்த நாட்களில்தான் எடிசனின் வாழ்க்கை வரலாறு என் கைக்கு வந்தது.

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் மிலன் என்னும் சிற்றூரில் 1847ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள், ஏழாவது பிள்ளையாகப் பிறந்தார் எடிசன். 1854இல் குடும்பம் மிச்சிகன் மாநிலத்துப் போர்ட் ஹுரானுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அவர் பள்ளிக்குச் சென்றது சில மாதங்களே. மூளை குழம்பிய பிள்ளை என்று ஆசிரியர் பேசியது சிறுவனின் காதில் விழுந்தது. அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினான். தாய் நான்சி, திருமணத்திற்கு முன் ஆசிரியையாக இருந்தவர். பள்ளிக்கே சென்று மகனுக்காக வாதாடினார். பின்னர் வீட்டில் தாமே கற்பித்தார்.

எப்படிக் கற்பித்தார் என்பதுதான் என்னைக் கவர்ந்தது. மனப்பாடத்தை வற்புறுத்தவில்லை. நல்ல நூல்களைத் தாமே உரக்கப் படித்துக் காட்டினார். பார்க்கர் என்பவர் எழுதிய அறிவியல் நூலைக் கையில் கொடுத்தார். அதிலிருந்த சோதனைகளை மகன் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தான். வீட்டின் நிலவறையே அவனுக்கு ஆய்வுக்கூடமாயிற்று. 1859இல், பன்னிரண்டு வயதில், ரயிலில் செய்தித்தாள் விற்கப் போனபோதும் டெட்ராய்ட் நகரத்து நூலகத்தில் படிப்பைத் தொடர்ந்தான்.

1871இல் நான்சி மறைந்தார். ஒலியைப் பதிவு செய்யும் போனோகிராப் 1877இல் உருவானது. நெடுநேரம் எரியும் மின்விளக்கு 1879இல் ஒளிர்ந்தது. அந்தப் புகழைக் காண அவர் இல்லை. 1931இல் எடிசன் மறைந்தார். அவர் பெயரில் அமெரிக்காவில் மொத்தம் 1,093 காப்புரிமைகள் உண்டு.

எடிசனுக்கு டிஸ்லெக்சியா இருந்ததாகப் பலர் எழுதுகிறார்கள். அவரை யாரும் பரிசோதித்ததில்லை. அந்தச் சொல்லே 1880களில்தான் பிறந்தது. பிற்காலத்தில் அவர் நூல்களை ஆர்வத்தோடு படித்தவர். ஆகவே நான் அதை உறுதியாகக் கூறமாட்டேன். இக்குறையுள்ள பிள்ளைகள் யாவரும் எடிசன் ஆவார்கள் என்று பெற்றோரை ஏமாற்றவும் மாட்டேன். நான்சியிடம் நாம் கற்க வேண்டியது ஒன்றே: ஊர் சொன்னதை நம்பிப் பிள்ளையைக் கைவிடாமல், அவனுக்கு ஏற்ற வழியைத் தேடுவது.

நான்சி படித்தவர், என் தாய் கைநாட்டு. அவரால் என்ன செய்ய முடியும் என்று முதலில் நானும் மலைத்தேன். ஆனால் இத்தகைய பிள்ளைகளுக்கு எழுத்தைப் பார்ப்பது மட்டும் போதாது. வாயால் ஒலித்து, காதால் கேட்டு, விரலால் எழுதிப் பழக வேண்டும் என்று வல்லுநர்கள் கூறுகிறார்கள். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதிய முறையும் அதைத்தானே ஒத்திருக்கிறது! இப்போது மாலைதோறும் அம்மா முறத்தில் மணலைப் பரப்பி வைக்கிறார். நான் ஓர் எழுத்தைச் சொல்ல, தம்பி அதை ஒலித்துக்கொண்டே எழுதுகிறான். அம்மாவும் அருகிலிருந்து எழுதுகிறார். பாடத்தை நான் உரக்கப் படிக்க, அவன் கேட்டுப் பதில் சொல்கிறான். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும் பேச்சை அப்பா விட்டுவிட்டார்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இக்குறையையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பொதுத் தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவர் உதவியும் பெற வழியுண்டு. நம் ஊர்ப் பெற்றோர் பலருக்கு இது தெரியாது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்துள்ள நாம்தான் அவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

சென்ற வாரம் தம்பி ஒரு பக்கத்தைத் தானே படித்து முடித்தான். அரை மணி நேரம் ஆயிற்று. வீட்டில் யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்த அம்மா, மணலில் தம் பெயரின் முதல் எழுத்தை எழுதியிருந்தார்.