தீவுச் சிறையும் கோவா குருவும்



பிரான்சு நாட்டின் மர்செய் துறைமுகத்திற்கு எதிரே 'இஃப்' என்ற சிறு பாறைத்தீவு உள்ளது. 16-ஆம் நூற்றாண்டில் மன்னர் முதலாம் பிரான்சிஸ் அங்கே கட்டிய கோட்டை பின்னர் சிறைச்சாலையானது. அதை உலகறியச் செய்தது, 1844-இல் தொடராக வெளிவரத் தொடங்கிய அலெக்சாந்தர் டூமாவின் 'மாண்டி கிறிஸ்டோ' நாவல். அதில் இளம் கைதி ஒருவனுக்கு அறிவையும் நம்பிக்கையையும் ஊட்டுபவர் ஃபாரியா என்ற முதிய குரு. டூமா அவரை இத்தாலியராகக் காட்டினார். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் நம் இந்திய மண்ணின் மைந்தர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஜோசே குஸ்தோதியோ தே ஃபாரியா 1756-இல் கோவாவின் காந்தோலிம் ஊரில் பிறந்தார். நம் மயிலை மறைமாவட்டமும் அன்று கோவா உயர்மறைமாவட்டத்தின் கீழ்தான் இருந்தது; எனவே அவர் நமக்கு அந்நியர் அல்லர். பெற்றோர் பிரிந்தபின் தந்தை குருவானார்; தாய் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். 1771-இல் தந்தையுடன் லிஸ்பன் சென்ற மகன், உரோமையில் இறையியல் பயின்று 1780-இல் குருப்பட்டம் பெற்றார்.

1813-இல் பாரிசில் அவர், மனிதரை உறக்கநிலையில் ஆழ்த்தும் கலையைப் பொதுவில் விளக்கினார். அதைச் செய்பவரின் உடலிலிருந்து காந்த சக்தி பாய்வதாகப் பலரும் நம்பிய காலம் அது. ஃபாரியாவோ தம்மிடம் எந்தச் சக்தியும் இல்லை, காரணம் வருபவரின் மனத்திலேயே உள்ளது என்று கற்பித்தார். இன்றைய ஹிப்னாடிச அறிவியல் அவரை முன்னோடியாக ஏற்கிறது. அன்றோ 1816-இல் நாடக மேடையில் கேலிப்பொருளானார். சாத்தானின் வேலை என்று பழித்தோரும் உண்டு. 1819-இல் தம் நூலை வெளியிட்டு, அதே ஆண்டு செப்டம்பர் 20 அன்று வறுமையில் மறைந்தார். மோன்மார்த்தரில் அவர் கல்லறைக்கு அடையாளம் இல்லை. 1945-இல்தான் பனாஜியில் சிலை எழுந்தது.

அன்பர்களே, நோயாளியின் தலைமேல் கைவைத்து நாம் செபிக்கிறோம். அவர் சுகமடைந்தால் சாமியார் கை ராசியான கை என்கிறார்கள். மறுக்க வேண்டிய நாம் மனத்திற்குள் மகிழ்ந்துபோகிறோம். இரத்தப்போக்குள்ள பெண் நலமடைந்தபோது இயேசுவே அவளது நம்பிக்கையைத்தான் சுட்டிக்காட்டினார்! சக்தி தன்னுடையது என்றிருந்தால் ஃபாரியா புகழோடும் பொருளோடும் வாழ்ந்திருக்கலாம். உண்மையைச் சொன்னார், ஏளனத்தை ஏற்றார்.

இஃப் தீவின் சுவர்களைவிடக் கடினமானது தற்பெருமை என்னும் சிறை. அதிலிருந்து வெளியே வர நாம் தயாரா? சிந்திப்போம்.