கூடை சுமந்த அல்லாமா: ஃபஸ்லுல் ஹக் கைராபாதி (ரஹ்)

அந்தமான் என்றாலே நம் நினைவுக்கு வருவது செல்லுலார் சிறை. அந்தச் சிறை எழும்புவதற்கு ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன்பே, 1858-ல், 1857 புரட்சியின் கைதிகளை ஆங்கிலேயர் அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். அப்போது கைதிகளுக்கு வேலையே தண்டனை. காடு வெட்டினார்கள், சேறு அள்ளினார்கள், மண் சுமந்தார்கள். மேற்பார்வை அதிகாரி வாக்கர், தப்பியோடிப் பிடிபட்டவர்களில் 86 பேரை ஒரே நாளில் தூக்கிலிட்டார்.

அந்தத் தீவுக்கு 1859 அக்டோபரில் கொண்டுவரப்பட்டவர்தான் அல்லாமா ஃபஸ்லுல் ஹக் கைராபாதி.

1797-ல் அயோத்தி நாட்டின் கைராபாதில் பிறந்தவர். தந்தை ஃபஸ்லே இமாம், டெல்லியில் ஸத்ருஸ் ஸுதூர் பதவி வகித்த அறிஞர். மகனோ தர்க்கவியலிலும் தத்துவத்திலும் தம் காலத்தின் முதல்வரிசை ஆலிம், அரபுக் கவிஞர். மிர்ஸா காலிப் இவருடைய நெருங்கிய நண்பர். கம்பெனி வேலையை உதறிவிட்டு ஜஜ்ஜார், அல்வர், ராம்பூர் என்று பல சமஸ்தானங்களில் பணியாற்றினார். புரட்சிக்குத் துணைநின்றதாக 1859-ல் லக்னோவில் வழக்கு நடந்தது. சொத்துகள் பறிமுதல், ஆயுள் முழுவதும் நாடு கடத்தல் எனத் தீர்ப்பானது.

அவர் தீவில் இறங்கிய மாதமே வாக்கர் போய் ஹாட்டன் வந்தார். புதியவர் சற்று இளகிய மனம் கொண்டவர்தான். ஆனால் ஆள் மாறினாலும் நடைமுறை உடனே மாறிவிடவில்லை. அல்லாமாவின் உடையும் காலணியும் பறிக்கப்பட்டன. முரட்டுத் துணியும் கரடுமுரடான படுக்கையும் கிடைத்தன. அறுபது வயதைக் கடந்த ஆலிமின் தலையில் குப்பைக் கூடை ஏறியது. உடல் முழுக்கச் சொறியும் புண்ணும் பரவின; மருந்து இல்லை. இவற்றையெல்லாம் விட அவரை உலுக்கியது, இறந்த கைதிகள் நடத்தப்பட்ட விதம். காலைப் பிடித்து இழுத்துச் சென்று, உடுத்தியிருந்ததையும் உருவிக்கொண்டு, குளிப்பாட்டாமல், கபன் இல்லாமல், தொழுகையும் இல்லாமல் மணலில் புதைத்தார்கள்.

இதை அவர் அரபியில் எழுதி வைத்தார். கிடைத்த தாள்களிலும் துணித் துண்டுகளிலும் கரியால் எழுதினார் என்பார்கள். உடன் கைதியாக இருந்தவர் முஃப்தி இனாயத் அஹ்மத் காகோரவி. மதரஸாக்களில் ஓதப்படும் 'இல்முஸ் ஸீகா' என்ற இலக்கண நூலை, கையில் ஒரு கிதாபும் இல்லாமல் அந்தமானில் இருந்தே எழுதியவர் அவர். விடுதலையாகி ஊர் திரும்பியபோது அல்லாமாவின் எழுத்தையும் கொண்டுவந்து சேர்த்தார். 'அஸ்ஸவ்ரத்துல் ஹிந்திய்யா' என்று அறியப்படும் நூல் அதுதான்.

இன்னொரு செய்தியும் வழங்கி வருகிறது. ஓர் அதிகாரி, தம்மிடமிருந்த வானவியல் ஏடு ஒன்றைத் திருத்தித் தரும்படி கைதியான ஒரு மவ்லவியிடம் கொடுத்தார். மவ்லவி அதை அல்லாமாவிடம் தந்தார். திருத்தத்தைப் பார்த்து வியந்த அதிகாரி, எழுதியவரைத் தேடி வந்தபோது அல்லாமா கூடையைச் சுமந்தபடி எதிரே வந்தாராம். அதன்பிறகே அவருக்கு எழுத்து வேலை கொடுக்கப்பட்டதாம்.

ஊரில் பிள்ளைகள் விடுதலைக்காக மனு மேல் மனு போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் உத்தரவு கிடைத்து, மகன் ஷம்ஸுல் ஹக் அதை எடுத்துக்கொண்டு கப்பலேறினார் என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் எழுதுகிறார்கள். தீவில் இறங்கியவர், பெருங்கூட்டத்தோடு ஒரு ஜனாஸா போவதைக் கண்டார். யாருடையது என்று விசாரித்தார். அல்லாமா முந்திய நாள் வஃபாத்தாகிவிட்டார் என்று சொன்னார்கள். அது 1861 ஆகஸ்ட். மகனும் கூட்டத்தோடு நடந்தார்.